நத்தை வேட்டையில் வாத்துப் படை!
விஷ மருந்து வேண்டாம் என்கிறது ஒயின் தோட்டம்

தென் ஆப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் நகரம் அருகே வெர்கனோக்ட் என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1696-ல் உருவான பழைய பண்ணை. ஒயின் தயாரிப்பதுதான் தொழில்.

இங்கே பெரிய தொல்லை நத்தை! கொடி துளிர் விட்டால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக ஏறிக் குருத்தைத் தின்று தீர்த்துவிடும்.

மருந்து இல்லாமல் இல்லை. 'மெட்டால்டிஹைடு' என்ற விஷக் குருணையைத் தூவினால் நத்தை சாகும். ஆனால் அதைத் தின்கிற பறவையும் நாயும் சேர்ந்து சாகும்! பறவைகளுக்கும் பிராணிகளுக்கும் ஆபத்து என்று 2022-ல் பிரிட்டன், இதை வெளியிடங்களில் தூவத் தடை போட்டுவிட்டது.

வெர்கனோக்ட் தோட்டக்காரர்கள் பிடித்த வழியே வேறு. வாத்து!

'ரன்னர்' என்று ஒரு ஜாதி. நெட்டுக்குத்தலாக நிற்கும். பறக்க வராது, ஒரே ஓட்டம்தான். பட்டியைத் திறந்துவிட்டால் நூற்றுக்கணக்கில் 'மார்ச்' பண்ணித் தோட்டத்தில் இறங்கும். கொடி கொடியாகப் புகுந்து நத்தை, பூச்சிகளைக் காலி பண்ணும். போடுகிற எச்சமும் வீணில்லை, கொடிக்கு உரம்!

அறுவடை சமயத்தில் மட்டும் வாத்துகளுக்கு லீவு. ஏன் தெரியுமா? உள்ளே விட்டால் திராட்சையையும் ஒரு கை பார்த்துவிடுமே!