கிறித்தவத்தில் பாவமும் மீட்பும்

மீட்பு என்பது பாவத்தில் விழுந்த மனிதரைக் கடவுள் இயேசு கிறித்துவின் வழியாகத் தம்மிடம் திரும்பச் சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். கிறித்தவ நம்பிக்கையின் மையம் இதுவே. இக்கோட்பாட்டுக்குள் ஒரு கடினமான கேள்வி அடங்கியுள்ளது. கடவுள் நீதியுள்ளவர் என்றால் குற்றத்தைக் கண்டும் காணாமல் விட முடியாது. இரக்கமுள்ளவர் என்றால் குற்றவாளியைக் கைவிடவும் முடியாது. இவ்விரண்டும் ஒருசேர எப்படி இயலும் என்பதே அக்கேள்வி.

சொல்லும் பொருளும்

'மீள்' என்னும் வினையிலிருந்து வந்தது மீட்பு. அடகுக் கடையில் வைத்த நகையை மீட்கிறோம். ஒற்றிக்கு விட்ட நிலத்தை மீட்கிறோம். முன்பே நம்முடையதாக இருந்து கைவிட்டுப் போனதை விலை கொடுத்துத் திரும்பப் பெறுவதையே இச்சொல் உணர்த்துகிறது. எபிரேய மொழியில் 'கோயேல்' என்றொரு சொல் உண்டு. வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக அதைத் திரும்ப வாங்கித் தரக் கடமைப்பட்ட நெருங்கிய உறவினர் என்பது அதன் பொருள். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் இக்கடமையைச் சட்டமாகவே கூறுகிறது. உறவுமுறையில் ரூத்தின் குடும்பத்து நிலத்தை மீட்கும் போவாசு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீட்பவர் அயலார் அல்லர், உறவினர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடவுள் ஏன் மனிதராகப் பிறக்க வேண்டும் என்ற வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சீர்திருத்தச் சபையார் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் 'இரட்சிப்பு', 'மீட்பு' என்னும் இரு சொற்களும் உள்ளன. முன்னது காப்பாற்றுதல், பின்னது விலை கொடுத்து விடுவித்தல். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு பெரும்பாலும் 'மீட்பு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறது. படிக்க எளிதானாலும் நுட்பமான ஒரு வேறுபாடு அதனால் மறைந்துபோனது உண்மை.

பாவம்

பாவம் என்பதைத் தவறான செயல்களின் பட்டியல் என்று எண்ணுவது வழக்கம். விவிலியம் அதை உறவு முறிவாகவே முதலில் காட்டுகிறது. தொடக்கநூலில் ஆதாமும் ஏவாளும் கனியைத் தின்றபின் கடவுளைக் கண்டு ஒளிந்துகொள்கிறார்கள். அடுத்ததாகப் பழியைப் பிறர் மேல் போடுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் பாவத்துக்கு வழங்கும் கிரேக்கச் சொல் 'அமார்த்தியா'. குறி தவறுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். இந்தச் சாய்வோடுதான் ஒவ்வொருவரும் பிறக்கிறார்கள் என்ற கருத்தை 'சென்மப் பாவம்' என்ற பெயரில் மேலைத் திருச்சபையில் வலுவாக நிலைநாட்டியவர் அகுஸ்தீன்.

யார் கடனை யார் தீர்ப்பது?

1098இல் 'கடவுள் ஏன் மனிதரானார்?' என்னும் நூலை எழுதி முடித்த அன்செல்ம், பாவத்தைக் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய கடனாக விளக்கினார். கடன்பட்டவன் மனிதன், ஆகவே மனிதனே தீர்க்க வேண்டும். கடனோ அளவற்றது, கடவுளால் மட்டுமே தீர்க்க முடியும். எனவே கடவுளும் மனிதருமான ஒருவரே அதைத் தீர்க்க இயலும் என்பது அவருடைய வாதம்.

இதற்கு எழும் மறுப்பு எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. குற்றமற்ற ஒருவர் குற்றவாளிக்காகச் சாவது எந்த வகையில் நீதி? தந்தையின் குற்றத்தை மகன் சுமக்க வேண்டியதில்லை என்று எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரமே கூறுகிறதே? இதற்குக் கிறித்தவச் சிந்தனையாளர் தரும் விடை, சிலுவையில் இறப்பவர் இடையில் பிடித்து இழுக்கப்பட்ட மூன்றாம் ஆள் அல்லர் என்பதாகும். தீர்ப்பு வழங்க உரிமையுள்ள கடவுளே அங்கு இழப்பை விரும்பி ஏற்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தள்ளுபடியானால் உழவருக்குச் சுமை இறங்குகிறது. அந்தத் தொகை காற்றில் கரைந்துவிடுவதில்லை, வேறொரு கணக்கில் ஏறுகிறது. மன்னிப்பும் அத்தகையதே. மன்னிப்பவர் அதன் விலையைத் தாமே சுமக்கிறார். தள்ளுபடியின் சுமை கடைசியில் பொதுமக்கள் மேல் விழுகிறது என்பதால் இந்த உவமையைக் கடைசிவரை இழுக்க முடியாது.

அன்செல்மின் விளக்கத்தை எல்லாரும் ஏற்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபெலார்டு, சிலுவை மனித உள்ளத்தைத் திருப்பும் அன்பின் வெளிப்பாடு என்றார். கீழைத் திருச்சபைகள் கடனைவிட நோய், குணம், சாவின் மேல் வெற்றி ஆகிய உருவகங்களையே விரும்புகின்றன.

தமிழ் மண்ணில்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி இக்கோட்பாட்டைத் தமிழில் விளக்க முற்பட்டபோது, வினைக் கோட்பாடு அவர் எதிரே நின்றது. அவரவர் செய்த வினையை அவரவரே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்று நம்பும் மக்களிடம், உங்கள் கடனை இன்னொருவர் தீர்த்தார் என்று சொல்வது எளிதன்று. மறுபிறப்பை மறுத்து அவர் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்ற நூலை எழுதியதற்குக் காரணம் இதுவே. ஆயினும் இரு மரபுகளும் முற்றிலும் எதிரெதிர் என்று கொள்வது தவறு. சைவ சித்தாந்தமும் உயிர் தன் முயற்சியால் மட்டும் விடுபடாது, இறைவன் அருள் வேண்டும் என்கிறது. ஆனால் சித்தாந்தத்தில் ஆணவ மலம் உயிரோடு அனாதியாகவே உள்ளது. கிறித்தவத்தில் பாவத்துக்குத் தொடக்கம் உண்டு. மனிதர் நல்லவராகவே படைக்கப்பட்டார்.

நோபிலிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). குன்னம் வட்டத்துக்குத் தெற்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தை ஒட்டியுள்ள ஏலாக்குறிச்சியில் அவர் தங்கிப் பணிபுரிந்தார். அங்கே எழுப்பிய கோயிலில் மரியாவுக்கு அடைக்கல மாதா என்றும், ஊருக்குத் திருக்காவலூர் என்றும் பெயரிட்டார். அடைக்கலம், காவல் ஆகிய இரண்டும் நீதிமன்றத்துச் சொற்கள் அல்ல. துரத்தப்பட்டவன் ஓடி வந்து சேரும் இடத்தைக் குறிப்பவை. அவர் இயற்றிய தேம்பாவணி 36 படலங்களில் 3615 பாடல்களால் மீட்பு வரலாற்றைக் கூறும்போது, சூசையப்பரை வளன் என்ற பெயரில் காப்பியத் தலைவராக்குகிறது. வாதம் செய்து நிறுவ வேண்டியதை ஒரு தச்சரின் குடும்பக் கதையாக்கிய இம்முறை, தமிழ் வாசகரிடம் தருக்க நூல்களைவிட ஆழமாகச் சென்றது.

மீட்பைப் பெறுவது நம்பிக்கையாலா, செயல்களாலா என்பது 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் எழுப்பிய பெரும் பூசல். 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஆக்ஸ்பர்க் நகரில் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, மீட்பு அருளாலேயே வருகிறது, நற்செயல்கள் அதன் கனிகள் என்று ஒப்புக்கொண்டது.

வாழ்வில்

தமிழகக் கத்தோலிக்கருக்குத் தவக்காலம் 'திருநீற்றுப் புதன்' அன்று நெற்றியில் சாம்பல் பூசுவதுடன் தொடங்குகிறது. பாவத்தை அறிக்கையிடும் அருட்சாதனத்துக்கு முன்பு 'பாவசங்கீர்த்தனம்' என்று பெயர். இப்போது 'ஒப்புரவு' என்கிறார்கள். பெயர் மாறியதில் அழுத்தமும் மாறியுள்ளது. குற்றத்தைச் சொல்வதிலிருந்து உறவைச் சரிசெய்வதற்குக் கவனம் நகர்ந்திருக்கிறது.

தனி மனிதர் பாவம் மட்டுமே பாவமா என்ற கேள்வியும் உண்டு. தலித் இறையியலாளர்கள் சாதியைப் பாவம் என்றே அழைக்கின்றனர். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயம் 1872இல் கட்டப்பட்டபோது, சாதியினர் தனித்தனியே அமர இரண்டு கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேரும்படி அமைக்கப்பட்டது. எல்லாருக்காகவும் ஒருவர் இறந்தார் என்று கூறும் வழிபாட்டை இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் காணாமலே கேட்டனர். நடுவில் இருந்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது.