ஜிரோ பள்ளத்தாக்கில் ராக் இசைவிழா

இந்திய இசை பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் கருநாடக இசையையும் இந்துஸ்தானி இசையையும் விரிவாக விளக்கி, நாட்டுப்புறப் பாடல்களையும் திரைப்பாடல்களையும் தொட்டுக்காட்டி நின்றுவிடுகின்றன. மின்கிட்டாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் இசையும், அதனினும் கடுமையான மெட்டல் இசையும் அவற்றுள் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் 'மேல்நாட்டு மோகம்' என்னும் ஒரு தொடரோடு முடிந்துவிடுகின்றன. வடகிழக்கு இந்திய மலைநாடுகளுக்கு இத்தொடர் பொருந்துமா என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் ஜிரோ பள்ளத்தாக்கின் திறந்தவெளி இசைவிழாவை நேரில் கண்ட பின்னர் அவ்வையம் வலுப்பெற்றது.

நாகாலாந்து, மிசோரம், மேகாலயா ஆகிய மாநிலங்களில் கிறித்தவ சமயப் பணியாளர்கள் தோற்றுவித்த தேவாலயப் பாடற்குழுக்கள் வழியே மேலை இசை பல தலைமுறைகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஷில்லாங் நகரின் லூ மஜாவ் என்னும் பாடகர் 1972 முதல் மே 24ஆம் நாளில் பாப் டிலனின் பிறந்தநாளை இசைநிகழ்ச்சியாகக் கொண்டாடி வந்துள்ளார். அருணாசலத் தலைநகர் இட்டாநகரிலிருந்து ஏலியன் காட்ஸ் என்னும் மெட்டல் குழு எழுந்தது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ஒன்றை மோகம் எனல் தகுமோ?

ஜிரோ விழா 2012இல் தொடங்கியது. உள்ளூரைச் சேர்ந்த பாபி ஹானோவும், தில்லியின் மென்வோபாஸ் குழுக் கிட்டார் கலைஞர் அனூப் குட்டியும் அதன் நிறுவனர்கள். வழக்கமாகச் செப்டம்பர் இறுதியில் நான்கு நாள்கள் நடைபெறும். அங்குச் செல்வது எளிதன்று. 1873ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய எல்லைச் சட்டத்தின் வழிவந்த உள்கோட்டு அனுமதி இந்தியருக்கே தேவை. அயல்நாட்டவருக்கோ வேறு சிறப்பு அனுமதி வேண்டும். நாகர்லாகுன் தொடருந்து நிலையத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறுகிறது. நாம் சென்றபோது மழை, முழங்கால்வரை சேறு.

நம் கருத்தை முதலில் ஈர்த்தது இசையன்று, மூங்கில். மேடை, வேலி, கடைகள், படிக்கட்டு ஆகிய யாவும் அபதானி மக்கள் மூங்கிலால் அமைத்தவை. பகல் மேடைக்குத் தான்யி என்றும் இரவு மேடைக்குப் பிலோ என்றும் பெயர். இவை அபதானி மொழியில் முறையே ஞாயிற்றையும் திங்களையும் குறிக்கும் சொற்கள். அவ்விரண்டையும் போற்றுவதே அவர்தம் தொல்சமயம். அம்மூங்கிலும் காட்டில் கண்டபடி வெட்டப்படுவதன்று. குடும்பங்கள் தத்தம் தோப்புகளில் நட்டு வேலியிட்டுக் காப்பவை அவை. நெல்வயலிலேயே மீன் வளர்த்து, வரப்பில் கேழ்வரகு விதைக்கும் இம்மக்களின் நிலப்பேணலை 1944இல் அங்குச் சென்ற மானிடவியலாளர் ஃபியூரர்-ஹைமென்டார்ஃப் வியந்து பதிவுசெய்தார். 2014இல் அபதானி நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது. ஒலிபெருக்கியும் கிட்டாரும் வெளியிலிருந்து வந்தவையே. ஆயினும் அவை நிற்கும் தளம் அபதானியருடையது. இவ்விழாவை இறக்குமதிச் சரக்கு என்போர் இத்தளத்தைக் காண்பதில்லை.

ஆயினும் நமக்கு ஒரு கவலை உண்டு. பள்ளத்தாக்கோ குறுகியது, வயல் விரிய இடமில்லை. நகரங்களிலிருந்து வரும் கூட்டம் பெருகப் பெருகக் குப்பையும் கூடாரங்களும் வயலோரம் வரை நெருங்குகின்றன. மூக்கணி பூண்ட முதிய பெண்டிரைக் கேளாமலே படமெடுப்போரையும் கண்டோம். அவ்விளைஞர்களின் செயல் நமக்கு வருத்தம் தந்தது. விருந்தினர் எத்துணைப்பேர், எவ்வளவு காலம் என்பதை முடிவுசெய்யும் உரிமை நிலத்துக்குரியோர் கையில் நிற்கும்வரை விழா அவர்களுடையதாக இருக்கும். அது கைமாறினால் ஜிரோ வெறும் காட்சித் திரையாகிவிடும்.

விழா முடிந்த மறுநாட்காலை நாம் மலையிறங்கினோம். மேடைக்கு மூங்கில் பின்னியவர்களுள் சிலர் அப்போதே அரிவாளுடன் அறுவடைக்குச் சென்றுகொண்டிருந்தனர்.