பழைய தச்சு வைஸை எடைக்குப் போடும் முன் இதைப் பாருங்கள்

மண்வெட்டிக் காம்பைக் காலால் மிதித்துக்கொண்டு செதுக்கும்போது உளி வழுக்கினால் காயம் நமக்குத்தான். மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மேசை ஓரத்தில் பொருத்தும் தச்சு வைஸ் உதவும். மரச்சிற்பத்துக்காக 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது கள்ளக்குறிச்சி. தச்சு வேலைக்குப் பேர்போன இந்தப் பகுதியில், உங்கள் கொட்டகையிலும் பழைய வைஸ் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். அதைப் பெரும்பாலும் நீங்களே சரிசெய்யலாம்.

முதலில் விரிசல் பாருங்கள்

கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் ஈரக்கோடு தெரியும். வைஸின் உடல் வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே மீண்டும் விரியும். உடலில் விரிசல் உள்ள வைஸை மட்டும் எடைக்குப் போடலாம்.

கைப்பிடி திரும்பவில்லையா?

டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயில் கலந்து மரையில் ஊற்றி, ஓரிரு இரவு ஊறவிடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். கைப்பிடியில் பைப்பை மாட்டி முறுக்கவோ சம்மட்டியால் அடிக்கவோ கூடாது, வார்ப்பு உடையும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

திரும்புகிறது, ஆனால் பிடிக்கவில்லையா?

* தண்டு மட்டும் வெளியே வந்து, தாடை நின்ற இடத்திலேயே நின்றால், தண்டைத் தாடையோடு பிணைக்கும் பின் விழுந்திருக்கும். புதிது போடுங்கள்.
* இறுக்கும்போது வழுக்கினால், மரையில் மரத்தூள் அடைத்திருக்கலாம். பிரஷால் சுத்தம் செய்யுங்கள்.
* அப்படியும் வழுக்கினால் நட்டு தேய்ந்திருக்கும். இதன் மரை பெரும்பாலும் சதுரமாக இருக்கும். கடையில் விற்கும் நட்டு பொருந்தாது. தண்டையும் நட்டையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் புது நட்டு கடைந்து வாங்குங்கள்.

திசை மாற்றித் திருப்பும்போது கைப்பிடி கொஞ்சம் சும்மா சுற்றுவது இயல்பு. அது கோளாறு அல்ல.

பொருத்தும் முறை

தாடைகளின் உள்பக்கம் முக்கால் அங்குலத் தேக்கு அல்லது வாகைப் பலகை வைத்துத் திருகாணி போடுங்கள். பலகையின் மேல்விளிம்பு இரும்பைவிடச் சற்று உயர்ந்திருந்தால் இழைப்புளி இரும்பில் படாது. மூடும்போது தாடைகளின் மேல்பக்கம் முதலில் தொட வேண்டும். வைஸை ஆணியால் அடிக்காமல், மேசையைத் துளைத்து வாஷருடன் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பராமரிப்பு

மரையில் கிரீஸ் பூசினால் மரத்தூள் ஒட்டிக் கட்டியாகும். சில சொட்டு மிஷின் ஆயில் போதும். பக்கக் கம்பிகளில் மெழுகுவத்தி தேய்க்கலாம். கல்வராயன் மலை ஊர்களில் ஈரம் அதிகம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது அக்டோபருக்குள், எண்ணெய் தடவிச் சாக்கால் மூடி வையுங்கள். அடுத்த முறை காம்பு உடைந்தால், கால் விரலைப் பணயம் வைக்காமல் புதுக் காம்பு செதுக்கிக்கொள்ளலாம்.