இரண்டு பைட் இடைவெளி

மருதமுனைத் தறியில் பாவு பூட்டும்போது அச்சில் ஓர் இழை இடம் மாறிப் புகுந்துவிட்டால், அந்தக் கோடு துணி முடியும்வரை கூடவே வரும். தொடக்கத்தைச் சரிபார்ப்பதுதான் நெசவாளியின் முதல் வேலை. கல்முனை வீடுகளில் மினுங்கும் ரவுட்டருக்குள்ளும் அப்படியொரு தொடக்கம் இருக்கிறது.

ரவுட்டர்கள் பலவும் லினக்ஸில் ஓடுபவை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கேர்னல்தான் அதன் மையம். வலைச் சில்லிடமிருந்து தரவுப் பொதிகளை வாங்கிக் கொடுப்பது, கேர்னலில் உள்ள டிரைவர்.

ஈதர்நெட் பொதியின் தலைப்பு 14 பைட்: பெறுபவர் முகவரிக்கு 6, அனுப்புபவருக்கு 6, வகைக்கு 2. அதையடுத்து ஐபி தலைப்பு. அனுப்பியவரின் ஐபி முகவரி அதற்குள் 12 பைட் தள்ளி, 4 பைட் நீளத்தில் கிடக்கிறது. பொதியை நினைவகத்தில் 0ஆம் இடத்திலிருந்து இறக்கினால், அம்முகவரி 26 முதல் 29 வரை வரும். பல செயலிகள் நான்கு பைட் எண்ணை 24–27, 28–31 என்ற கட்டங்களில்தான் எடுக்கும். முகவரி இரண்டு கட்டங்களில் பிளந்து கிடக்கிறது.

தீர்வு எளிது: முன்னால் 2 பைட் வெறுமையாக விட வேண்டும். 28 முதல் 31 வரை, முகவரி ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். லினக்ஸில் இந்த இடைவெளிக்கு ‘நெட் ஐபி அலைன்’ என்று பெயர்.

இடைவெளியை மறந்தால் என்ன ஆகும்? பழைய ரவுட்டர்களில் உள்ள மிப்ஸ் செயலி வேலையை நிறுத்திக் கேர்னலை அழைக்கும். கேர்னல் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும். பொதிக்குப் பொதி இந்தத் தாமதம். பழைய ஏஆர்எம் செயலிகள் சில, பிழை என்று சொல்லாமலே பைட்டுகளை இடம் மாற்றிக் கொடுத்துவிடும். இன்டெல் மடிக்கணினியிலோ எந்தச் சிக்கலும் தெரியாது. அங்கே லினக்ஸே இந்த இடைவெளியை 0 என்று வைத்திருக்கிறது.

ஆபத்து அங்கேதான். டிரைவரைத் திருத்தியவர் தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று அனுப்புவார். மீளாய்வு செய்பவர் அதை நம்பி நிற்கக் கூடாது. பொதி எந்த இடத்தில் தொடங்குகிறது? 2 பைட் தள்ளி எழுத அந்தச் சில்லால் முடியுமா? முடியாவிட்டால் தலைப்பை வேறிடத்துக்கு நகலெடுக்கிறார்களா? இத்தனையும் கேட்க வேண்டும். தன் மேசையில் இல்லாத இயந்திரத்துக்காகக் கேட்க வேண்டும்.

லினக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரைத் தூசு தட்டி எடுத்து, இந்தக் கேள்விகளைத் தானே கேட்டுப் பார்க்கலாம்.