அடைக்கலம் அளித்தவர் செலுத்தும் விலை

 

 

அகதி என்ற சொல்லை நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால், அது நம் வரலாற்றின் முதல் ஏடுகளிலேயே இடம்பெற்ற சொல். நபித்துவத்தின் 5-ஆம் ஆண்டில், மக்காவின் கொடுமை தாளாமல் கடல் கடந்து அபீசீனியாவில் தஞ்சம் புகுந்த ஸஹாபாக்கள் அகதிகளே. அவர்களை ஏற்றுக்கொண்ட நஜ்ஜாஷி மன்னர் அன்று ஒரு கிறிஸ்தவர். அவர்களைத் திருப்பியனுப்பக் கோரி, குறைஷிகள் பரிசுப் பொருட்களுடன் தூதுவர் இருவரை அனுப்பினர். மன்னர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களின் வாய்மொழியைக் கேட்டார்; பரிசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவ்வளவையும் நாம் மிம்பரில் பலமுறை கூறியிருக்கிறோம். அதற்குப் பிறகு அம்மன்னருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் அதிகம் கூறுவதில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன், நம் காலத்தில் அதே போன்ற சோதனைக்கு உள்ளான ஒரு சிற்றூர்த் தலைவரைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும்.

இத்தாலி நாட்டின் தென்கோடியில் கலாப்ரியா என்றொரு மாநிலம் உண்டு. வறுமை மிகுந்த அப்பகுதியில், கடலை நோக்கிய குன்றின் மேல் ரியாச்சே என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. வேலை தேடி இளைஞர்கள் வட இத்தாலிக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றுவிட, பழைய ஊரின் வீடுகள் பூட்டியே கிடந்தன. (நம் கடற்கரை ஊர்களிலும் வளைகுடா சென்றவர்களின் பெரிய வீடுகள் இவ்வாறு பூட்டிக் கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.) 1998-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஏறத்தாழ 200 குர்து இன மக்களை ஏற்றி வந்த படகு அவ்வூர்க் கரையில் ஒதுங்கியது. குழந்தைகளும் பெண்களும் அதில் இருந்தனர்.

அப்போது அவ்வூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் தொமெனிக்கோ லுகானோ. கரையேறியவர்களைக் கண்டதும் அவருக்கு இரு காட்சிகள் ஒன்றாகத் தெரிந்தன: ஒரு பக்கம் வீடில்லாத மனிதர்கள்; மறுபக்கம் மனிதர்கள் இல்லாத வீடுகள். நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் நிறுவி, ஊரை விட்டுச் சென்றவர்களின் வீடுகளைப் பெற்றுச் செப்பனிட்டு, வந்தவர்களைக் குடியமர்த்தத் தொடங்கினார். 2004-இல் ஊர் மக்கள் அவரையே மேயராகத் தேர்ந்தெடுத்தனர். தொடர்ந்து மூன்று முறை, 2018 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். மேயர் என்றதும் மாநகராட்சித் தலைவரை எண்ணிவிட வேண்டாம். சுமார் 1,800 பேர் வாழும் ஊர் அது. நம் ஊராட்சி மன்றத் தலைவரைப் போன்ற பதவிதான்.

ஆப்கானிஸ்தான், சோமாலியா, எரித்ரியா எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே தங்கினர். அவர்களுள் முஸ்லிம்கள் பலர். அவர்களுக்குச் சோறு போட்டு ஒரு மூலையில் உட்கார வைக்கவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நெசவு, மட்பாண்டம், கண்ணாடிக் கைவினை ஆகியவற்றிற்குத் தொழிற்கூடங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர்ப் பெண்களும் அகதிப் பெண்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து வேலை செய்தனர். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் போயிருந்த பள்ளிக்கூடத்தில் மீண்டும் பிள்ளைகளின் குரல் கேட்டது. செங்குத்தான சந்துகளில் குப்பை சேகரிக்கக் கழுதைகள் பயன்பட்டன.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இத்தாலிய அரசு, அகதி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 35 யூரோ ஒதுக்கியது. அத்தொகை அகதியின் கையில் தரப்படுவதன்று. தங்குமிடம், உணவு, மொழிப் பயிற்சி, பணியாளர் ஊதியம் அனைத்தும் அதிலிருந்தே நடக்க வேண்டும். அதுவும் பல மாதங்கள் தாமதமாகவே வரும். அதுவரை கடைக்காரர் கடன் தருவாரா? லுகானோ ஒரு வழி கண்டார். ஊருக்குள் மட்டும் செல்லும் சீட்டுகளை அச்சிட்டார். காந்தியடிகள், மார்ட்டின் லூதர் கிங் போன்றோரின் படங்கள் அவற்றில் இருந்தன. அகதிகள் அச்சீட்டைக் கொடுத்துப் பொருள் வாங்குவர். அரசுப் பணம் வந்ததும் கடைக்காரர் அதை மாற்றிக்கொள்வார். கையேந்தி நிற்க வேண்டிய நிலை எவருக்கும் ஏற்படவில்லை. கடைக்காரருக்கும் வியாபாரம் நடந்தது. 2016-இல் ஃபார்ச்சூன் என்ற அமெரிக்க இதழ், உலகத் தலைவர்கள் 50 பேர் கொண்ட பட்டியலில் இந்தச் சிற்றூர் மேயருக்கு 40-ஆம் இடம் அளித்தது.

பெருமக்களே! அடைக்கலம் அளிப்பது பேரரசர்களுக்கு மட்டுமே உரிய அதிகாரம் என்று நாம் எண்ணுகிறோம். மார்க்கச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) அவர்கள் ஒருவருக்கு அபயம் அளித்தார்கள். அவர்களின் சகோதரர் அலீ (ரலி) அவர்கள் அதை ஏற்கவில்லை. செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, உம்மு ஹானி அளித்த அபயத்தை அவர்கள் செல்லுபடியாக்கினார்கள். பதவி ஏதும் இல்லாத ஒரு பெண்மணியின் சொல் அது! எதிரியே அபயம் கேட்டாலும் அளித்து, அவன் அச்சமற்று வாழும் இடம்வரை கொண்டு சேர்க்கும்படி அத்தவ்பா அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

ரியாச்சேயின் கதை பாராட்டோடு முடியவில்லை. 2018-இல் அகதிகளுக்கு எதிரான கொள்கையுடைய கட்சி இத்தாலிய ஆட்சியில் பங்கேற்றது. அவ்வாண்டு அக்டோபர் மாதம் லுகானோ வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். பின்னர் சொந்த ஊருக்குள் நுழையவே அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அகதிகளை அவ்வூரிலிருந்து வேறு இடங்களுக்கு மாற்ற அரசு முற்பட்டது. 2019 உள்ளூர்த் தேர்தலில் அவரால் ஓர் உறுப்பினராகக்கூட வெற்றி பெற முடியவில்லை. 2021-இல் லோக்ரி நகர நீதிமன்றம் அவருக்கு 13 ஆண்டுகள் 2 மாதங்கள் சிறைத்தண்டனை விதித்தது. அரசுத் தரப்பு கேட்டதே 8 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு! 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்து, தண்டனையை 18 மாதங்களாகக் குறைத்து, அதையும் நிறுத்தி வைத்தது. எஞ்சியது, அலுவலக ஆவணம் ஒன்றில் உண்மைக்கு மாறாக எழுதிய குற்றம். 2025-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது.

இங்கே என் கருத்தை மறைக்காமல் கூறிவிடுகிறேன். அவர் நல்லவர், ஆகவே கணக்கில் ஏற்பட்ட பிழையைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று கூற எனக்கு மனம் இல்லை. பொதுப்பணம் அமானிதம். ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய இப்னுல் லுத்பிய்யா என்பவரிடம் நபி (ஸல்) அவர்கள் கணக்குக் கேட்டார்கள். ஒரு பகுதி தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று அவர் கூறியதை ஏற்காமல், மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். நல்ல நோக்கத்திற்காகத் திரட்டும் பணம் என்பதாலேயே ரசீது எழுதாமல் விடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. வெள்ளம் வந்தால் துண்டை விரித்து வசூலிக்கிறோம். எவ்வளவு வந்தது, எங்கே சென்றது என்று அடுத்த ஜும்ஆவில் படித்துக் காட்டுகிறோமா? நல்ல காரியத்தைத் தடுக்க விரும்புகிறவன் முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான். லுகானோவின் எதிரிகளுக்கு அது கிடைத்தது.

ஆனால், இதைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. கணக்கில் பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி அவர் 1998-இல் கதவை மூடியிருந்தால், அவர் மீது எந்த வழக்கும் வந்திராது. படகில் வந்தவர்கள் என்னவாகியிருப்பர்? அன்ஸார்கள் தமக்கே தேவை இருந்த நிலையில் முஹாஜிர்களைத் தம்மைவிட முற்படுத்தினார்கள் என்று அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 9-ஆம் வசனம் புகழ்கிறது. எஞ்சியதைக் கொடுத்தவர்களை அல்ல, இழப்பை ஏற்றுக் கொடுத்தவர்களையே அவ்வசனம் புகழ்கிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரியாச்சே மக்கள், தீர்ப்பையும் தண்டனையையும் அறிந்தே, லுகானோவை மீண்டும் மேயராக்கினர். அதே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்போது நஜ்ஜாஷி மன்னருக்கு வருவோம். முஸ்லிம்களுக்கு இடமளித்த பின், அவருடைய மக்களே அவருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர் என்று ஸீரா நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர் தம் ஆட்சியைக் காக்கப் புறப்படும் முன் செய்த காரியம் என்ன தெரியுமா? ஜஃபர் (ரலி) அவர்களுக்கும் தோழர்களுக்கும் கப்பல்களை ஆயத்தப்படுத்திக் கொடுத்தார். தாம் தோற்றால் அவற்றில் ஏறி விரும்பிய இடத்திற்குச் சென்றுவிடுமாறும், வென்றால் அங்கேயே தங்கியிருக்குமாறும் சொல்லியனுப்பினார். தம் அரியணை ஆட்டம் கண்ட நேரத்தில், விருந்தினரின் பாதுகாப்பே அவருடைய முதற்கவலையாக இருந்தது. அல்லாஹ் அவருக்கு வெற்றியளித்தான். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் மறைந்த அன்றே நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அச்செய்தியை அறிவித்து, தொழும் திடலுக்குச் சென்று, தோழர்களை வரிசையாக நிற்கச் செய்து, நான்கு தக்பீர்கள் கூறி அவருக்காக ஜனாஸா தொழுதார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் நஜ்ஜாஷியின் முகத்தை ஒருமுறைகூடக் கண்டதில்லை.