சரிவு பழசு, புல் புதுசு: கோல்ஃப் பந்து ஏன் நிற்க மாட்டேங்குது?

1998 ஜூன். சான்பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியின் இரண்டாவது சுற்று. 18-வது குழிக்கு மேல்புறம், சுமார் 8 அடி தூரத்தில் பேய்ன் ஸ்டூவர்ட்டின் பந்து. மெதுவாகத்தான் தட்டினார். குழியைத் தவறவிட்ட பந்து, சரிவில் உருண்டுகிட்டே போய் சுமார் 25 அடி தள்ளி நின்றது. கடைசியில் அவர் கோப்பையை இழந்தது ஒரே ஒரு ஷாட்டில்!

அப்படின்னா, க்ரீனைக் கட்டியவர் தப்புப் பண்ணிட்டாரா?

அது என்ன க்ரீன்?

குழியைச் சுற்றி, புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்கும் பகுதிதான் க்ரீன். ஒலிம்பிக் கிளப்பின் இந்த மைதானம் 1920களில் உருவானது. மண்ணைப் புரட்டிப்போடும் புல்டோசர் வசதி அப்போது கிடையாது. மண்வெட்டியும், குதிரைகள் இழுக்கும் மண் அள்ளும் கருவியும்தான்.

அதனால் அந்தக் கால வடிவமைப்பாளர்கள் மலைச்சரிவையே பயன்படுத்திக்கொண்டார்கள். மேட்டுப் பக்கம் மண்ணை வெட்டி, பள்ளப் பக்கம் கொட்டினால் க்ரீனுக்கு இடம் ரெடி. ஆனால், முழுசா சமமாக்க மாட்டார்கள். கொஞ்சம் சரிவு இருந்தால்தான் மழைநீர் தேங்காது. எதிரே உயர்ந்து நிற்கும் தரை, தூரத்திலிருந்து வரும் பந்தையும் பிடித்து நிறுத்தும்.

பிறகு என்ன மாறியது?

புல்தான். 6 மி.மீ. உயரத்தில் வெட்டப்பட்ட புல், இன்று பெரிய போட்டிகளில் 3 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டது. க்ரீனின் வேகத்தை அளப்பது ‘ஸ்டிம்ப்மீட்டர்’ என்ற சாய்வுப் பட்டை. 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் கண்டுபிடித்தது. அதிலிருந்து விடும் பந்து சமதளத்தில் எத்தனை அடி ஓடுகிறது என்பதுதான் கணக்கு. 1970களில் அமெரிக்க மைதானங்களில் சராசரி ஆறரை அடி. இன்றைய பெரிய போட்டிகளில் 12 அடியைத் தாண்டுகிறது.

சரிவு பந்தைக் கீழே இழுக்கும்; புல் தடுக்கும். தடுப்பு குறைந்தால், அதே சரிவில் பந்து நிற்காது. அவ்வளவுதான் விஷயம்.

தீர்வு?

ஒலிம்பிக் கிளப் அந்த 18-வது க்ரீனையே பிறகு மாற்றிக் கட்டியது. வேகத்துக்காகப் பழைய க்ரீன்களைச் சமமாக்கும் வேலை வேறு இடங்களிலும் நடக்கிறது. இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. புல்லைக் கொஞ்சம் வளர விடலாம். வேண்டாம் என்றால் நாளைக்கே வெட்டிக்கொள்ளலாம். இடித்த சரிவு அப்படித் திரும்பி வராதே!