ஓடும் வீட்டுக்கு ஒரு கண்ணாடியா, இரண்டு கண்ணாடியா?

வீட்டுக்குச் சக்கரம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் உண்டு. கனடாவில் உண்டு. ஜெர்மனியிலும் உண்டு.

பார்வைக்கு பஸ் போல இருக்கும். முன்னால் ஸ்டீயரிங். பின்னால் கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேஜை, குளிர்சாதனப் பெட்டி, குளியல் அறை. வேண்டிய ஊருக்கு ஓட்டிப் போகலாம். பிடித்த இடத்தில் நிறுத்திப் படுத்துத் தூங்கலாம். இதற்கு 'மோட்டார் ஹோம்' என்று பெயர்.

விலை கொஞ்சநஞ்சம் அல்ல. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும், குடியிருந்த வீட்டை விற்று இந்த வண்டியை வாங்குவது உண்டு. அதன் பிறகு வண்டிதான் வீடு. மழைக்கும் அதுதான், பனிக்கும் அதுதான். வாங்கியது சரியில்லை என்றால் திரும்பிப் போக வீடு இல்லை.

ஆகவே பத்துத் தடவை யோசிக்கிறார்கள். எஞ்சினைப் பார்க்கிறார்கள். டயரைத் தட்டுகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி வருகிறது.

"ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடியா, இரட்டைக் கண்ணாடியா?"

இரட்டை என்றால் கூடுதல் பணம். கொடுக்கலாமா, வேண்டாமா?

பனிப் பறவைகள்

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பாரஸ்ட் சிட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே 1958-ல் தொடங்கிய கம்பெனி, பிறகு 'வின்னபாகோ' என்று பெயர் பெற்றது. 1966-ல் மோட்டார் வீடுகளைச் செய்யத் தொடங்கியது. இந்த வண்டிகள் அமெரிக்கா எங்கும் பரவ அந்தக் கம்பெனி பெரிய காரணம். ஜெர்மனியில் அதற்கு முன்பே, 1961-ல், 'ஹைமர்' என்பவர் பெயரால் அமைந்த கம்பெனி ஒரு வண்டி வீட்டைச் செய்துவிட்டது.

அமெரிக்காவின் வடக்கிலும் கனடாவிலும் குளிர்காலம் கொடியது. அதனால் வயதானவர்கள் பலர் குளிர் தொடங்கியதும் வண்டியைத் தெற்கே கிளப்பிவிடுவார்கள். இவர்களுக்கு அங்கே 'பனிப் பறவைகள்' என்று செல்லப் பெயர்! அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்று ஓர் ஊர். ஊர்க்காரர்கள் சில ஆயிரம் பேர்தான். ஜனவரி மாதத்தில் போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மோட்டார் வீடுகள் நிற்கும். பெரிய திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்த கூட்டம் போல இருக்கும்.

பாலைவனம் என்றால் சூடு என்று நினைப்போம். பகலில் இதமான வெயில். ராத்திரியிலோ சில நாள் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்கிவிடும். அப்போதுதான் ஜன்னலின் குணம் தெரியும்.

நடுவில் காற்று

இரட்டைக் கண்ணாடி என்பது என்ன? இரண்டு கண்ணாடிகளை ஒன்றை ஒன்று ஒட்டாமல், நடுவில் சிறிது இடைவெளி விட்டு, சுற்றிலும் காற்றுப் புகாமல் அடைத்து வைப்பது. அவ்வளவுதான். நடுவில் மாட்டிக்கொண்ட காற்று அசையாமல் நிற்கும். அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறோமே, அதுவும் இப்படித்தான். கம்பளியின் இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

ஒற்றைக் கண்ணாடி வழியாக வெளியேறும் சூட்டில் ஏறக்குறையப் பாதிதான் இரட்டைக் கண்ணாடி வழியாக வெளியேறும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே மைனஸ் 10 டிகிரி. உள்ளே ஹீட்டர் போட்டு 20 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியானால் அதன் உள்பக்கம் சுமார் மைனஸ் 2, 3 டிகிரி இருக்கும். அதாவது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பலகையை நிறுத்தி வைத்தது போல! இரட்டைக் கண்ணாடியானால் உள்பக்கம் சுமார் 9 டிகிரி. கை வைத்தால் சில்லென்று இருக்கும். ஆனால் உறையாது.

எரிவாயு எவ்வளவு மிச்சம்? வண்டியின் ஜன்னல்கள் மொத்தம் 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்தக் குளிரில் நாள் ஒன்றுக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். மாதக்கணக்கில் குளிரில் இருப்பவருக்கு அது பெரிய தொகை. வருஷத்துக்குப் பத்து நாள் சுற்றுலா போகிறவருக்கு அது ஒரு பணமே இல்லை.

ஆகவே எரிவாயுவை மட்டும் பார்த்தால் பலருக்கு இரட்டைக் கண்ணாடி தேவைப்படாது. உண்மையான சங்கதி வேறு.

ஜன்னல் அழுகிறது

அந்தச் சங்கதி தண்ணீர்.

ஐஸ் போட்ட தம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த இடத்தில் பட்டதும் நீர்த்துளியாகிவிடுகிறது. வண்டியின் ஜன்னலிலும் அதேதான் நடக்கிறது.

சின்ன வண்டிக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது? மூச்சில் இருந்து வருகிறது. இரண்டு பேர் ஓர் இரவு தூங்கி எழுந்தால், மூச்சும் வியர்வையுமாகச் சுமார் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்துவிடும். சோறு வடித்தால் ஈரம். குளித்தால் ஈரம். துணியை உள்ளே காயப்போட்டால் கேட்க வேண்டாம்.

அடுப்பும் ஈரத்தைக் கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு கிலோ புரோப்பேன் வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும்! வண்டியின் ஹீட்டர் அந்த ஆவியைக் குழாய் வழியே வெளியே தள்ளிவிடும். சமையல் அடுப்போ அத்தனையையும் வண்டிக்குள்ளேயே விடும்.

இவ்வளவு ஈரமும் போய் உட்காரும் இடம் குளிர்ந்த கண்ணாடி. விடிந்ததும் பார்த்தால் ஜன்னலில் தண்ணீர் வழியும். அது சட்டத்துக்குள் இறங்கும். சுவருக்குள் மரம் இருந்தால் மரம் உளுக்கும். மெத்தையின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த வாடை ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. வண்டியே வீடு என்று ஆனவர்கள் அதை விட்டு எங்கே போவார்கள்?

இரட்டைக் கண்ணாடி இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். அடியோடு ஒழிக்காது. கூரையில் உள்ள காற்றுத் துவாரத்தைக் குளிரிலும் கொஞ்சம் திறந்து வைக்கத்தான் வேண்டும்.

அடைத்தால் ஆபத்து

2008-ம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அமெரிக்காவில் பல முதியவர்கள் வாடகை கொடுக்க வழியில்லாமல் வண்டியிலேயே குடியேறினார்கள். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் என்ற பெண் நிருபர் 'நோமேட்லேண்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அது 2017-ல் வெளிவந்தது. அதே பெயரில் வந்த சினிமா 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது.

இப்படிப்பட்டவர்களின் வண்டியில் இரட்டைக் கண்ணாடியை எதிர்பார்க்க முடியுமா? குளிர் தாங்காதபோது சிலர் துவாரங்களை எல்லாம் துணியால் அடைத்துவிட்டு, சமையல் அடுப்பைப் பற்ற வைத்துக் குளிர் காய்கிறார்கள். இது யமனை வாசல் திறந்து கூப்பிடுவது போல. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அந்த வாயு வந்தால் அலறும் சிறு கருவி கடைகளில் விற்கிறது. கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால், கண்ணாடியை விட்டுவிட்டு முதலில் அந்தக் கருவியை வாங்க வேண்டும்.

டிரைவர் முன்னால் உள்ள கண்ணாடி

விற்பனைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் இரட்டையாக இருக்கும். டிரைவருக்கு முன்னால் உள்ள பெரிய கண்ணாடி சூட்டைத் தடுக்காத சாதாரண வண்டிக் கண்ணாடியாகவே இருக்கும். பஸ் முகம் கொண்ட வண்டிகளில் அதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஜன்னல்! நாலு ஓட்டையை அடைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

இதற்கு மருந்து மலிவானது. பல அடுக்கு வைத்துத் தைத்த வெள்ளி நிறப் பாய்கள் கிடைக்கின்றன. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் முன் கண்ணாடியில் மாட்டிவிட வேண்டியது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் உள்ளவர்களும் இந்தப் பாயை வெட்டி எல்லா ஜன்னலுக்கும் வைத்துக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள். என்ன, வெளியே பார்க்க முடியாது.

கோடையில் இரட்டைக் கண்ணாடியால் பெரிய லாபம் இல்லை. வெயில் ஒளி இரண்டு கண்ணாடியையும் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். வெளியே ஒரு பந்தல் துணி இழுத்துக் கட்டுவதே மேல். சத்தம் குறையும் என்பது மட்டும் உண்மை. லாரிகள் ஓடும் சாலை ஓரம் தூங்குகிறவர்களுக்கு அது தெரியும்.

ஐரோப்பாவின் வழி

ஐரோப்பிய வண்டிகளில் இரட்டை ஜன்னல் என்பது பெரும்பாலும் கூடவே வருவது. அங்கே கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக் போடுகிறார்கள். எடை கண்ணாடியில் பாதிகூட இராது. ஆனால் எளிதில் கீறல் விழும். ஸ்பிரிட் கலந்த திரவத்தால் துடைத்தால் மெல்லிய வெடிப்பு ஓடிவிடும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும்தான் அதற்கு.

குளிர்காலத்துக்கு ஏற்றது என்று ஒரு வண்டிக்குப் பெயர் கொடுக்க அங்கே சோதனை உண்டு. மைனஸ் 15 டிகிரிக் குளிரில் வண்டியை நிறுத்தி, உள்ளே 20 டிகிரி சூடு வருகிறதா, தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி உறைந்துவிட்டால் ஜன்னல் எத்தனை அடுக்காக இருந்து என்ன பயன்?

பழைய வண்டி வாங்கும்போது

இரட்டைக் கண்ணாடிக்கு ஒரு நோய் உண்டு. சாலையில் குலுங்கிக் குலுங்கி ஓரத்து அடைப்பு விட்டுப்போகும். மலை ஏறினாலும் ஆபத்துதான். கொலராடோ மாநிலத்தில் நெடுஞ்சாலை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஒரு சுரங்கப் பாதைக்குள் போகிறது. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடிகளைப் புடைக்கச் செய்யும். அடைப்பு விட்டதும் ஈரம் நடுவில் புகுந்து வெண்மையாகப் படிந்துவிடும். உள்ளே துடைத்தாலும் போகாது, வெளியே துடைத்தாலும் போகாது. கண்ணாடியைக் கழற்றி, பிரித்து, கழுவி, மறுபடியும் ஒட்டித் தரும் பட்டறைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. கூலி அதிகம்.

இரட்டைக் கண்ணாடி என்று சொல்லி ஒற்றையைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று சந்தேகமா? கண்ணாடி அருகே ஒரு சிறு விளக்கைப் பிடித்தால் போதும். ஒற்றை என்றால் இரண்டு பிம்பம், நெருங்கி ஒன்று போலத் தெரியும். இரட்டை என்றால் இடைவெளி விட்டு இரண்டு ஜோடி.

அனுபவசாலிகள் இன்னொன்றும் செய்கிறார்கள். வாங்குவதற்கு முன் அதே மாதிரி வண்டியை வாடகைக்கு எடுத்து, குளிர் மாதத்தில் ஓர் இரவு குடும்பத்தோடு அதில் தூங்கிப் பார்க்கிறார்கள். விடிந்ததும் காப்பி போடுவதற்கு முன் ஜன்னல் சட்டத்தின் அடியில் விரலை வைத்துத் தடவுகிறார்கள். விரல் நனைந்தால், வேறு வண்டி பார்க்கிறார்கள்.